கப்பலில் குடும்பச் சுற்றுலா: உண்மையான கட்டணத்தைக் கண்டறிவது எப்படி?

ரயிலில் இடம் பதிவு செய்வதும், விமான டிக்கெட் எடுப்பதும் இன்று இணையத்தில் பலருக்கும் பழகிப் போன வேலைகள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட முதல் மாதத்திலேயே இதனைக் கற்றுக் கொள்கின்றனர். ஆனால், குரூஸ் எனப்படும் உல்லாசக் கப்பல் பயணத்திற்கு இதே பழக்கத்துடன் இணையத்தில் தேடினால் கணக்கு தவறிவிடும். ரயில் டிக்கெட்டில் திரையில் முதலில் காட்டப்படும் தொகைக்கும், கடைசியில் நாம் செலுத்தும் தொகைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கப்பலில் அப்படியல்ல. குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்திற்கு இந்த வேறுபாடு பல ஆயிரம் ரூபாயாக இருக்கும். ஓராண்டாகச் சேர்த்து வைத்த பணத்தைச் செலவிடப் போகும்போது இதனை முன்னரே தெரிந்து கொள்வது நல்லதல்லவா?

தமிழகத்திலிருந்து கப்பல் சுற்றுலா என்றால் பெரும்பாலானவர்கள் சிங்கப்பூரைத்தான் நினைக்கின்றனர். அங்கிருந்து ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் கப்பல்கள் பினாங்கு, புக்கெட் போன்ற இடங்களுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணங்களாகச் சென்று வருகின்றன. நம் நாட்டிலும் கார்டெலியா குரூஸஸ் நிறுவனம் 2021 முதல் கப்பல் இயக்கி வருகிறது. 2022 ஜூன் மாதம் இதன் கப்பல் முதல் முறையாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்குச் செல்லும் பயணம் தொடங்கப்பட்டது. எந்தக் கப்பலாக இருந்தாலும் கட்டணம் கணக்கிடப்படும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். அதனை முதலில் பார்க்கலாம்.

விளம்பரத்தில் காட்டப்படும் விலை:

"நபர் ஒருவருக்கு 400 டாலர் முதல்" என ஒரு விளம்பரம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இந்த ஒரு வரியில் மூன்று விஷயங்கள் மறைந்துள்ளன.

முதலாவது, இந்த விலை ஒரு கேபினில் இரண்டு பேர் தங்குகிறார்கள் என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. ஒருவர் மட்டும் தனியாகத் தங்கினால், பெரும்பாலும் இருவருக்கான தொகையைத் தர வேண்டியதிருக்கும். மூன்றாவது, நான்காவது நபருக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது வழக்கமாக முதல் இருவரின் கட்டணத்தைக் காட்டிலும் குறைவாக இருக்கும்.

இரண்டாவது, "முதல்" என்ற சொல். இது ஜன்னல் இல்லாத உள்பக்க கேபினுக்கான, மிகக் குறைந்த தேதிக்கான விலை. நீங்கள் செல்ல விரும்பும் தேதியில் இந்த விலை இல்லாமல் போகலாம்.

மூன்றாவது, வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் ஆகியவை. இங்கு டிப்ஸ் என்பது நாம் விருப்பப்பட்டுத் தருவதல்ல. ஒரு நபருக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு எனக் கப்பல் நிறுவனமே கணக்கிட்டு நம் பில்லில் சேர்த்துவிடும். சில நிறுவனங்கள் 2 அல்லது 3 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இதனை வாங்குவதில்லை. சில நிறுவனங்கள் கைக்குழந்தைக்கும் சேர்த்தே வாங்குகின்றன.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த சட்டத்தை அடுத்து, பல பெரிய நிறுவனங்கள் தங்களின் அமெரிக்கத் தளங்களில் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்டுகின்றன. மற்ற நாடுகளுக்கான பக்கங்களில் அவ்வாறு இல்லாமல் இருக்கலாம். எனவே, ஒரு தளத்தில் வரி சேர்த்த விலையையும், இன்னொரு தளத்தில் வரி சேர்க்காத விலையையும் பார்த்து ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும்.

"குழந்தைகளுக்கு இலவசம்" என்றால்?

குடும்பங்களை அதிகம் ஈர்க்கும் விளம்பரம் இதுதான். இது பொய் விளம்பரம் அல்ல. ஆனால், இதற்கு நிபந்தனைகள் உண்டு. விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்துகளில் இருக்கும் அவற்றைப் படிக்க, பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு பிளஸ் கீயைத் தட்டுங்கள். எழுத்துகள் பெரிதாகும். பொதுவாக இவற்றைக் காணலாம்:

1. முழுக் கட்டணம் செலுத்தும் இருவருடன் அதே கேபினில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்கு மட்டுமே சலுகை.

2. வயது வரம்பு உண்டு. பல நிறுவனங்களில் இது 12 வயது. பயணம் தொடங்கும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. புக் செய்திடும் நாளில் உள்ள வயது அல்ல.

3. பள்ளி விடுமுறை, புத்தாண்டு, சீனப் புத்தாண்டு போன்ற நாட்களில் சலுகை இருக்காது.

4. கட்டணம் மட்டுமே இலவசம். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் ஆகியவற்றைக் குழந்தைக்கும் செலுத்த வேண்டும்.

முதல் நிபந்தனையைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். அம்மாவும் ஒரு குழந்தையும் மட்டும் செல்கின்றனர் என்றால், அந்தக் குழந்தை கேபினின் இரண்டாவது நபர். அதற்கு முழுக் கட்டணம் கேட்கப்படலாம். அதே போல, நான்கு பேர் உள்ள குடும்பம் இரண்டு கேபின்களை எடுத்துக் கொண்டால் நான்கு முழுக் கட்டணங்கள் செலுத்த வேண்டும்.

கணக்கு போட ஓர் எக்ஸெல் ஒர்க்‌ஷீட்:

இனி நம் கம்ப்யூட்டருக்கு வேலை தருவோம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமையோ, கூகுள் ஷீட்ஸையோ பயன்படுத்தலாம். இவை இரண்டும் இலவசம்.

புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் செலவு வகைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள். பெரியவர்கள் கட்டணம், குழந்தைகள் கட்டணம், வரி மற்றும் துறைமுகக் கட்டணம், டிப்ஸ், விமான டிக்கெட், விசா, ஓட்டல், இன்சூரன்ஸ், கப்பலில் இண்டர்நெட், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு என வரிசை அமையட்டும். அடுத்துள்ள ஒவ்வொரு நெட்டு வரிசையையும் ஒரு கப்பலுக்கு என ஒதுக்கிடுங்கள். கடைசிச் செல்லில் கர்சரை வைத்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனில் கிளிக் செய்து என்டர் தட்டினால் மொத்தத் தொகை கிடைக்கும்.

இதனால் என்ன பயன் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கீழே உள்ளவை கணக்கிற்காக நானே எடுத்துக் கொண்ட எண்கள். பெற்றோர் இருவர், 8 மற்றும் 5 வயதில் குழந்தைகள் இருவர். நான்கு இரவுப் பயணம். தொகை சிங்கப்பூர் டாலரில்.

முதல் கப்பல், "குழந்தைகளுக்கு இலவசம்" என்கிறது. பெரியவர் ஒருவருக்கு 600 வீதம் 1,200. குழந்தைகளுக்கு 0. வரி மற்றும் துறைமுகக் கட்டணம் ஒருவருக்கு 140 வீதம் நால்வருக்கு 560. டிப்ஸ் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 20 வீதம், நால்வருக்கு நான்கு இரவுகளுக்கு 320. மொத்தம் 2,080.

இரண்டாவது கப்பலில் இலவசம் ஏதுமில்லை. பெரியவர் ஒருவருக்கு 450 வீதம் 900. குழந்தை ஒன்றுக்கு 200 வீதம் 400. வரி மற்றும் துறைமுகக் கட்டணம் ஒருவருக்கு 110 வீதம் 440. டிப்ஸ் ஓர் இரவுக்கு 18 வீதம் 288. மொத்தம் 2,028.

கட்டணத்தை மட்டும் பார்த்தால், இலவசம் தரும் கப்பல் 1,200, மற்றது 1,300. முதல் கப்பல்தான் லாபம் எனத் தோன்றும். எல்லாவற்றையும் கூட்டினால் இலவசக் கப்பலுக்கு 52 டாலர் அதிகம் தருகிறோம். கூட்டிப் பார்க்காதவரை இது நம் கண்ணில் படாது. ஒப்பிட வேண்டியது ஒருவருக்கான கட்டணத்தை அல்ல, வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை குடும்பத்திற்கு ஆகும் மொத்தத் தொகையை.

உண்மையான தொகையைப் பெறுவது எப்படி?

ஒர்க்‌ஷீட்டில் போட வேண்டிய எண்களுக்கு விளம்பரத்தை நம்ப வேண்டாம். கப்பல் நிறுவனத்தின் தளத்திற்குச் சென்று, உண்மையிலேயே புக் செய்வது போலத் தொடங்குங்கள். பயணிகள் எண்ணிக்கையில் குழந்தைகளையும் சேர்த்து, அவர்களின் வயது அல்லது பிறந்த தேதியைத் தந்திடுங்கள். கேபினைத் தேர்ந்தெடுத்து, கார்டு விவரம் கேட்கும் பக்கம் வரை செல்லுங்கள். அதற்கு முன்னர் கட்டண விவரம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்படும். டிப்ஸ் இதில் சேர்ந்துள்ளதா என்பதையும் பாருங்கள். சில தளங்களில் அதனை முன்கூட்டியே செலுத்துவதற்கான கட்டம் இருக்கும். டிக் செய்யாவிட்டால் கப்பலில் கேட்பார்கள். கார்டு எண்ணைத் தராதவரை பணம் எதுவும் போகாது.

இந்தப் பக்கத்தைப் படமாகச் சேமித்து வைத்திடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஷிப்ட் மற்றும் எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தி, தேவையான இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தின் பெயரில் கப்பலின் பெயரையும் தேதியையும் சேர்த்துவிட்டால் பின்னர் ஒப்பிட எளிதாக இருக்கும்.

தளத்தில் எந்த நாடு, எந்தக் கரன்சி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதையும் கவனியுங்கள். டாலர் என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்க டாலரா, சிங்கப்பூர் டாலரா எனப் பார்த்து உறுதி செய்திடுங்கள். இரண்டின் மதிப்பும் ஒன்றல்ல.

பல நிறுவனங்களின் கப்பல்களை ஒரே இடத்தில் பார்க்க குரூஸ் கிரிட்டிக், குரூஸ் மேப்பர் போன்ற தளங்கள் உதவும். குரூஸ் கிரிட்டிக் 1995 முதல் இயங்கி வருகிறது. பயணம் செய்தவர்கள் எழுதிய கருத்துகளை இதில் படிக்கலாம். குரூஸ் மேப்பரில் ஒரு துறைமுகத்தின் பெயரைத் தந்தால், அங்கு எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியல் கிடைக்கிறது. இத்தளங்களில் கப்பலைத் தேர்ந்தெடுத்து, விலையை நிறுவனத்தின் தளத்தில் உறுதி செய்து கொள்வதே சிறந்தது.

தேதியில்தான் லாபம்:

ஒரே கப்பல், ஒரே கேபின். ஆனால் வாரத்திற்கு வாரம் கட்டணம் மாறுகிறது. கட்டணத்தை முடிவு செய்வதில் புறப்படும் ஊரின் பள்ளி விடுமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் நமக்குச் சாதகமான ஒன்று உள்ளது. சிங்கப்பூர் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடியவும் வருகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒரு வாரம் உண்டு. தமிழகத்தில் கோடை விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே மாதம் முழுவதும். எனவே, நம் குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் பெரும்பகுதி சிங்கப்பூர் குழந்தைகளுக்குப் பள்ளி நாட்கள்தான். மே மாத இறுதி வாரம் வரை தள்ளிப் போடாமல், ஏப்ரல் கடைசியிலும் மே முதல் மூன்று வாரங்களிலும் தேடுங்கள். இடையில் வரும் மே 1, விசாக தினம் போன்ற பொது விடுமுறைகள் வார இறுதியோடு சேர்ந்தால் அந்தப் பயணங்களில் மட்டும் விலை ஏறும்.

அடுத்து, கிழமை. வெள்ளிக்கிழமை புறப்படும் பயணங்களுக்கு அலுவலகம் செல்பவர்களிடையே கிராக்கி அதிகம். திங்கள் போன்ற நாட்களில் புறப்படுபவற்றில் ஓர் இரவுக்கான கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். மொத்தக் கட்டணத்தை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒர்க்‌ஷீட்டில் தனியே ஒரு வரிசையில் வைத்துக் கொண்டால் இது உடனே தெரியும்.

சென்னை அல்லது கொச்சியிலிருந்து புறப்படும் பயணம் உங்களுக்கு ஏற்ற தேதியில் இருந்தால், அதையும் ஒரு நெட்டு வரிசையில் சேர்த்திடுங்கள். கப்பல் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், நான்கு விமான டிக்கெட்டுகள் மிச்சமாவதால் மொத்தம் குறைய வாய்ப்புண்டு.

கேபினும் புக் செய்யும் நேரமும்:

"கடைசி நேரத்தில் புக் செய்தால் மலிவு" என்று பலரும் சொல்வார்கள். இருவர் மட்டும் செல்வதானால் இது சில வேளைகளில் பலிக்கும். குடும்பத்திற்குப் பொருந்தாது. நான்கு பேர் தங்கும் கேபின்கள் கப்பலில் குறைவு. அவைதான் முதலில் தீர்ந்து போகின்றன. மேலும், உயிர்காக்கும் படகு ஒவ்வொன்றிலும் இத்தனை பேர் என்ற வரம்பு இருப்பதால், கேபினில் நான்கு படுக்கைகள் இருந்தாலும் மூன்றாவது நபரைச் சேர்க்க முடியாது எனத் தளம் மறுக்கலாம். விமான டிக்கெட்டும் கடைசி நேரத்தில் ஏறிவிடும்.

எனவே, பல மாதங்கள் முன்னரே புக் செய்வதுதான் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கப்பல் நிறுவனங்கள் அதிகச் சலுகைகளை அறிவிக்கின்றன. நவம்பர் இறுதியிலும் சலுகைகள் வரும். இதற்கெனத் தனியே ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, அதனைத் தந்து பதிவு செய்திடுங்கள். உங்கள் வழக்கமான இன்பாக்ஸ் விளம்பரங்களால் நிறையாது.

புக் செய்யும்போது, டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கட்டாயம் பார்த்திடுங்கள். திரும்பக் கிடைக்காத வகை மலிவாக இருக்கும். ஆனால் குழந்தைக்கு உடல்நலம் சரியில்லாமல் போனால் அந்தப் பணம் போய்விடும். திரும்பக் கிடைக்கும் வகை என்றால், மீதித் தொகை செலுத்தும் கடைசி நாள் வரை உங்கள் கையில் வாய்ப்பு இருக்கிறது. விலை குறைந்தால் புதிய விலைக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம். மறுத்தால் ரத்து செய்து மீண்டும் புக் செய்திடலாம். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னர் நினைவூட்டும்படி கூகுள் காலண்டரில் அமைத்திடுங்கள். அந்த நாள் கடந்த பின் ரத்து செய்தால் பிடித்தம் கூடிக் கொண்டே போகும்.

கேரண்டி கேபின் என ஒன்று உண்டு. வகையை மட்டும் நாம் தேர்ந்தெடுப்போம். கேபின் எண்ணை நிறுவனம் பின்னர் தரும். விலை குறைவு. ஒரே கேபினில் தங்குபவர்கள் இதனைத் தைரியமாக எடுக்கலாம். இரண்டு கேபின்கள் தேவைப்படும் குடும்பங்கள் தவிர்த்திடுங்கள். ஒன்று ஒரு கோடியிலும் மற்றொன்று மறு கோடியிலும் கிடைத்தால் குழந்தைகளை எப்படிப் பார்த்துக் கொள்வது?

கட்டணத்தில் சேராத செலவுகள்:

வழக்கமான உணவகங்களில் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடமும் பெரும்பாலும் அப்படியே. ஆனால், பல கப்பல்களில் 3 வயது நிரம்பிய குழந்தைகளையே சேர்த்துக் கொள்கின்றனர். இரவு நேரம் கடந்தால் தனிக் கட்டணம் கேட்கலாம். குளிர்பானம், சிறப்பு உணவகம், இண்டர்நெட், கரையில் சுற்றுலா ஆகியவற்றிற்குத் தனியே பணம் தர வேண்டும்.

கப்பல் ஏறியவுடன் அனைவரின் மொபைல் போனையும் ஏரோபிளேன் மோடில் வைத்திடுங்கள். நடுக்கடலில் சாட்டிலைட் வழியாக இயங்கும் கப்பல் நெட்வொர்க்குடன் போன் தானாக இணைந்தால், ரோமிங் கட்டணம் மிக அதிகமாக இருக்கும். இண்டர்நெட் தேவைப்பட்டால் கப்பலின் வை-பி திட்டத்தைப் புறப்படும் முன்னரே நிறுவனத்தின் தளத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் கப்பலில் வாங்குவதை விட மலிவாக இருக்கும்.

வெளிநாட்டுக் கரன்சியில் கிரெடிட் கார்டு மூலம் செலுத்தினால் வங்கி அதற்கெனத் தனியே ஒரு சதவீதம் பிடிக்கும். உங்கள் கார்டுக்கு அது எவ்வளவு எனப் பார்த்து ஒர்க்‌ஷீட்டில் சேர்த்திடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக இந்திய ஏஜென்ட் மூலம் வாங்கினால் டிசிஎஸ் வரி வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கையில் இதனைக் கழித்துக் கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனாலும், பணம் இப்போதே கையிலிருந்து போகும் என்பதால் திட்டமிட்டுக் கொள்ளுங்கள்.

ஆவணங்கள்:

எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் கப்பல் ஏற விடாவிட்டால் முழுத் தொகையும் நஷ்டம்தான். எனவே பணம் கட்டும் முன் இவற்றைச் சரிபார்த்திடுங்கள்.

1. பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்காவது அனைவரின் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக வேண்டும். சிறு குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கே தரப்படுகிறது என்பதால் அதனை முதலில் பாருங்கள்.

2. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மீண்டும் சிங்கப்பூர் வருவதால், ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா தேவை. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதிமுறையையும் அந்நாட்டின் அரசு தளத்தில் பாருங்கள்.

3. பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அனுமதியில்லை. நீண்ட கடல் பயணம் என்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும்.

4. தாத்தா பாட்டியுடனோ, பெற்றோரில் ஒருவருடன் மட்டுமோ குழந்தை செல்வதாக இருந்தால், பெற்றோரின் சம்மதக் கடிதம் கேட்கப்படலாம்.

போலித் தளங்கள்:

மிகக் குறைந்த விலை காட்டும் தளங்களில் போலிகளும் உண்டு. முகவரியின் முன்னால் பூட்டுப் படம் இருந்தால் போதும் என நினைக்க வேண்டாம். நாம் அனுப்பும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். தளத்தை நடத்துபவர் நல்லவர் என்பதற்கு அல்ல. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் லிங்க்கில் கிளிக் செய்யாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். ஏஜென்ட் மூலம் புக் செய்தால், அவர் தரும் புக்கிங் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே கொடுத்துப் பெயர்கள் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தந்திடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு தளத்திலும் பதியலாம்.

இன்றே தொடங்க விரும்புபவர்கள், இரண்டு கப்பல்களையும் மே மாதத்தில் இரண்டு தேதிகளையும் எடுத்துக் கொண்டு மேலே சொன்ன ஒர்க்‌ஷீட்டைத் தயாரித்துப் பாருங்கள். மொத்தம் நான்கு நெட்டு வரிசைகள். ஒரு மணி நேர வேலைதான். அதனை அச்செடுத்து, வீட்டில் அனைவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்த பின்னர் கார்டை எடுத்தால் போதும்.